90 கிலோமீட்டருக்கு ஒரே பூச்சு

நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் பார்வையாளரின் கண்ணில் படும் விபத்துகள் வீழ்ச்சியும் ஊன்றுகோல் முறிவும்தான் என்றாலும், முடிவை அவற்றைவிட ஆழமாகத் தீர்மானிப்பது, போட்டிக்கு முன் சறுக்குப் பலகையின் அடியில் தேய்க்கப்படும் மெழுகைப் பற்றிய கணிப்பே ஆகும். விழுந்தவர் இழப்பது சில நொடிகள்; மெழுகில் தவறியவரோ எல்லைக்கோடு வரை ஒவ்வோர் எட்டுக்கும் வட்டி கட்டுகிறார்.

பியோங்சாங்கில் 2018இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் 30 கிலோமீட்டர் போட்டியில், நார்வே வீரர் சிமென் ஹெக்ஸ்டாட் க்ரூகர் புறப்பட்ட சில நொடிகளிலேயே விழுந்து, பின்னால் வந்த இருவர் அவர்மீது மோத, ஊன்றுகோலும் ஒடிந்து அனைவருக்கும் கடைசியில் தள்ளப்பட்டார். ஆயினும் ஒவ்வொருவராகக் கடந்து வந்து, 8 விநாடி முன்னிலையில் தங்கம் வென்றார். டூரின் ஒலிம்பிக்கில் (2006) கனடாவின் சாரா ரென்னரின் ஊன்றுகோல் ஒடிந்தபோது, போட்டி அணியான நார்வேயின் பயிற்சியாளர் பியோர்னார் ஹோகென்ஸ்மோயன் தம் கையிலிருந்த கோலை நீட்டினார். கனடா வெள்ளி வென்றது, நார்வே நான்காவதாக வந்தது. விளையாட்டின் பெருமைகளுள் ஒன்றாக என்றும் நினைக்கப்பட வேண்டிய செயல் அது. ஆனால் கோலை இரவல் வாங்கலாம். பனியோடு பொருந்தாத மெழுகுக்கு அப்படியோர் உதவியை எவராலும் ஓட்டத்தின் நடுவே நீட்ட முடியாது.

கிளாசிக் முறை எனப்படும், இணையான தடங்களில் கால்களை முன்னும் பின்னும் வீசிச் செல்லும் ஓட்டத்தில், சறுக்குப் பலகை ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: முன்னோக்கி வழுக்க வேண்டும், உதைக்கும் கணத்தில் பனியைப் பற்ற வேண்டும். வில்லைப் போல நடுவில் வளைந்திருக்கும் பலகையின் இரு முனைகளிலும் வழுக்கு மெழுகும், பாதத்துக்கு அடியிலுள்ள நடுப்பகுதியில் பிடிமெழுகும் பூசப்படுகின்றன; உடலின் முழு எடையும் ஒரே காலில் இறங்கும்போது மட்டும் வளைவு தட்டையாகி, பனிப்படிகங்களின் கூர்முனைகள் பிடிமெழுகில் பதிந்து, எடை விலகியதும் விடுபடுகின்றன. கடுங்குளிரில் விழுந்த புதுப்பனியின் படிகங்கள் கூர்மையானவை என்பதால் அதற்குக் கெட்டியான மெழுகே போதும். உருகி மீண்டும் உறைந்த பழைய பனியில் அந்தக் கூர்மை மழுங்கிவிடுவதால், காய்ச்சிய வெல்லப்பாகுபோல் ஒட்டும் கிளிஸ்டர் என்னும் பசை தேவைப்படுகிறது. பூஜ்ய டிகிரியை ஒட்டிய ஈரமான புதுப்பனிதான் மெழுகுக்காரர்களைத் திணறடிப்பது. பதிந்த படிகம் விடுபடாமல் அங்கேயே உறைய, பாதத்தின் கீழ் பனிக்கட்டி திரண்டு, வீரர் நின்று சுரண்டியெடுத்த பிறகே நகர முடிகிறது. சோச்சியில் 2014இல் வெப்பம் ஏறியிருந்த பனியில் நார்வேயின் மெழுகுத் தேர்வு பிழைத்தபோது, அந்நாட்டின் ஆடவர் தொடரோட்ட அணி நான்காம் இடத்துக்கும் மகளிர் அணி ஐந்தாம் இடத்துக்கும் இறங்கின.

தொலைவு நீளும்போது இச்சிக்கல் பல மடங்காகிறது. ஸ்வீடனில் சேலன் ஊரிலிருந்து மோரா வரை 90 கிலோமீட்டர் நீளும் வாசாலோப்பெட், 1922 முதல் நடந்துவரும் பந்தயம். மார்ச் மாதத்து முதல் ஞாயிறன்று காலையில் குளிரில் புறப்படுபவர் நண்பகலின் இளகிய பனியைச் சந்திப்பதால், ஒரே பூச்சு இரண்டு வானிலைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருப்பதோடு, கரடான பனி அதை வழியெல்லாம் தேய்த்துக்கொண்டும் இருக்கிறது. உதைக்கு இரண்டரை மீட்டர் எனக் கொண்டால் 36,000 உதைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து சென்டிமீட்டர் பின்வழுக்கினால் 1,800 மீட்டர் வீணாகிறது. இதனாலேயே, அடிப்பிடிப்புக்கான மெழுகைச் சூடாக்கி இறுக்கிய பின், மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தடவி, ஒவ்வொன்றையும் தக்கையால் தேய்த்துப் பரப்பி ஆறவிடும் பொறுமை இங்கு உடற்பயிற்சிக்கு நிகராகிறது.

முன்னணி வீரர்கள் இந்த இடரைக் களைய, பிடிமெழுகையே விட்டுவிட்டு, இரு கோல்களையும் ஒருசேர ஊன்றி மேலுடலின் பலத்தால் மட்டும் முன்னேறும் முறைக்கு மாறியுள்ளனர். முதல் மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தைக் கைகளாலேயே கடக்க வேண்டியிருந்தாலும், மிச்சத் தொலைவில் வழுக்கலைத் தடுக்க எதுவுமில்லை. தொடக்க ஆண்டில் எர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 விநாடியில் வென்ற இப்பந்தயத்தை, 2021இல் தோர்ட் அஸ்லே யெர்டாலன் 3 மணி 28 நிமிடம் 18 விநாடியில் முடித்ததற்கு மேம்பட்ட தடங்களும் பலகைகளும் போலவே இம்முறையும் காரணம். இயற்கையில் சிதையாமல் தங்கிவிடும் ஃபுளோரின் சேர்ந்த மெழுகுகளுக்குப் பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2023–24 பருவத்திலிருந்து முழுத் தடை விதித்தபின், ஈரப்பனியில் வழுக்கு மெழுகின் தேர்வும் கடினமாகியுள்ளது; தடை நியாயமானதே.

அத்தகைய தோள்வலிமை இல்லாத பல்லாயிரம் பொதுப் பங்கேற்பாளர்களுக்குப் பிடிமெழுகைத் துறக்கும் வசதி இல்லை. பாதி வழியைத் தாண்டிய ஈவெர்ட்ஸ்பெர்க் போன்ற நிறுத்தங்களில் அவர்கள் சூடான புளூபெரி சாற்றைக் குடித்தபடி பலகையைத் திருப்பிப் பார்த்து, அதிகாலையில் பூசிய மெழுகில் இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கின்றனர்.