பேருந்தில் ஒரு குறள்

தமிழ்நாட்டின் அரசுப் பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம் தீட்டப்பெற்ற திருக்குறளை, சன்னலோர இடம் தேடும் அவசரத்தில் பலரும் கவனியாமலே இறங்கிப் போகிறார்கள் என்றாலும், போக்குவரத்துத் துறை அமைச்சராயிருந்த மு. கருணாநிதி 1960-களின் பிற்பகுதியில் தொடங்கிவைத்த இவ்வழக்கத்தைப் பொதுஜனங்களுக்குச் செய்யப்பெற்ற உயர்ந்த உபகாரங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று என ஏழே சீர்களில் அடங்கிவிடும் குறளன்றி வேறெந்தப் பாட்டு அந்தச் சிறு இடத்துக்கு இத்துணைப் பொருத்தமாய் அமைந்திருக்கும்! ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையே அதை வாசித்து, அர்த்தத்தைச் சிந்தித்து, மறுமுறையும் வாசிக்க அவகாசமுண்டு. 133 அதிகாரங்களுள் எது இன்று நமக்கு வாய்க்கும் என்பதை நாம் நிர்ணயிப்பதில்லை. அதுவே இதன் தனிச் சௌந்தரியம். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன ‘இனியவை கூறல்’ அதிகாரத்துக் குறளொன்று, கூட்ட நெரிசலில் கம்பியைப் பற்றி நிற்கையில் கண்ணெதிரே தோன்றுமானால், சில்லறைக்காகக் கண்டக்டரிடம் உயரவிருந்த குரல் தானாகவே தணிகிறது. வர்ணம் மங்கிய சில வண்டிகளில் எழுத்துக்கள் பாதி அழிந்திருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க ஒரு தூரிகையும் சிறிது நேரமும் போதும், பணிமனைகள் அதைத் தவறாமல் செய்யவேண்டும்.