சிறுநீர்க் குப்பியில் சிக்குவது யார்?

2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டி நடந்தபோது, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கின் கழிப்பறையில் பயன்படுத்தி வீசிய ஊசிகள் கிடக்கும் காணொளி ஒன்று பரவியது. கடைசி நாளில் ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் மைதானத்துக்கு வந்தார்கள். அன்று ஆடவர் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர் ஒரே ஒருவர். மற்றவர்களுக்கெல்லாம் திடீரென்று தசைப்பிடிப்பு, காயம் என்று ஏதேதோ வந்துவிட்டது.

அதிகாரிகள் யாரையும் சோதிப்பதற்கு முன்பே நடந்தது இது. குப்பியோடு ஒருவர் வந்து நின்றாலே போதும், களம் பாதி சுத்தமாகிவிடுகிறது. சோதனை முறையின் முதல் பலம் இந்தப் பயம்தான்.

இரண்டாவது பலம் காலத்தைக் கடந்து துரத்துவது. மாதிரிகளைப் பத்தாண்டு வரை பாதுகாத்து, புதிய கருவிகள் வந்தபின் மறுபடி சோதிக்கலாம். 2005-ல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் நீளம் தாண்டி வெள்ளி வென்றார் அஞ்சு பாபி ஜார்ஜ். முதலிடம் பிடித்த ரஷ்யாவின் தத்யானா கோட்டோவா அதே ஆண்டு கொடுத்திருந்த மாதிரி, பல ஆண்டுகள் கழித்து மறுசோதனையில் சிக்கியது. அஞ்சுவின் வெள்ளி தங்கமானது 2014-ல். நியாயம் வந்தது உண்மை. ஆனால் ஓய்வு பெற்றவரின் கையில், கைதட்டும் கூட்டமில்லாத நேரத்தில் வந்தது.

முறையின் அடித்தளமாக இருப்பது ஒற்றை விதி. உடலில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தார், தெரிந்து எடுத்ததா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாமே தவிர, குற்றத்தை அழிக்காது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆந்த்ரேயா ரதுகான் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎபிட்ரின் இருந்தது. தங்கம் பறிபோனது. அந்த மாத்திரையால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை என்று ஒலிம்பிக் அதிகாரிகளே சொன்னார்கள், தீர்ப்பு மாறவில்லை. 2004-ல் அந்த மருந்து தடைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. 2010-ல் அளவு வரம்போடு திரும்பவும் சேர்க்கப்பட்டது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

இது கொடுமை என்று தோன்றலாம். ஆனாலும் விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும். உள்நோக்கத்தை ஊக்கமருந்துத் தடுப்பு முகமைதான் நிரூபிக்க வேண்டும் என்றால், மாட்டிய ஒவ்வொருவரும் மருத்துவர் கொடுத்தார், பாலில் யாரோ கலந்தார் என்றே சொல்வார்கள். அதைப் பொய்யென்று காட்ட எந்த ஆய்வகத்தாலும் முடியாது. ஆகவே விதி இருக்கட்டும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

முதலாவது, பெரிய திருடர்கள் குப்பியில் சிக்குவதில்லை. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் நூற்றுக்கணக்கான சோதனைகளைத் தாண்டினார்; 2012-ல் அவரது ஏழு 'டூர் டி பிரான்ஸ்' பட்டங்களைப் பறித்தது சக வீரர்களின் சாட்சியம். சோச்சி 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வகச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகவே மாதிரிகள் மாற்றப்பட்டன. அதை உலகுக்குச் சொன்னவர் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த ரோட்சென்கோவ். கசப்பான ஒரு நகைமுரண்: பழைய மாதிரிகளில் ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்கும் நுட்பத்தை மேம்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டாவது, குற்றமற்றவர் என்று காட்டுவதற்குப் பணம் வேண்டும். டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு 2024 மார்ச்சில் இரண்டு முறை தடை செய்யப்பட்ட குளோஸ்டிபால் தென்பட்டது. இயன்முறை சிகிச்சையாளரின் கைக்காயத்துக்குப் போட்ட மருந்து, மசாஜ் வழியாகத் தன் உடலுக்குள் வந்தது என்று உடனடியாக வழக்கறிஞர்களையும் நிபுணர்களையும் கொண்டு விளக்கினார். தற்காலிகத் தடை சில நாட்களில் நீங்கியது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல்முறையீடு செய்து, கடைசியில் 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடைக்கு உடன்பாடானது. அவரது விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே விளக்கத்தை அதே வேகத்தில் நிரூபிக்க, கிராமத்திலிருந்து வந்து விளையாட்டு விடுதியில் தங்கியிருக்கும் ஓட்டக்காரிக்கு யார் இருக்கிறார்கள்?

2011-ல் அஸ்வினி அக்குஞ்சி, சினி ஜோஸ், மந்தீப் கௌர் ஆகியோர் சிக்கியதை நினைத்துப் பார்க்கலாம். முந்தைய ஆண்டு காமன்வெல்த், ஆசியப் போட்டிகள் இரண்டிலும் 4x400 தொடரோட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் மூவர். வெளிநாட்டுப் பயிற்சியாளர் தந்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். பயிற்சியாளர் யூரி ஒகொரோட்னிக்குக்கு வேலை போனது. மூவருக்கும் ஓராண்டுத் தடை. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை இரண்டாண்டாக்கியது.

ஆய்வகமும் முகமையும் தவறும்போது யார் பொறுப்பு என்பது மூன்றாவது கேள்வி. பளு தூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானுவின் மாதிரி எண்ணிலேயே குழப்பம் நேர்ந்தது. 2018 மே மாதம் தடை செய்யப்பட்டு ஆசியப் போட்டியைத் தவறவிட்டார். 2020-ல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அவர் பின்னர் வேறொரு வழக்கில் தடை பெற்றது தனிக்கதை. அதனால் முதல் பிழை நேராகிவிடாது.

இந்தியாவுக்கு இதெல்லாம் அடுத்த வீட்டுச் செய்தி அல்ல. உலக முகமையின் கணக்குப்படி 2024-ல் இங்கு சோதித்த 7,113 மாதிரிகளில் 260 சிக்கின. அதிக அளவில் சோதிக்கும் நாடுகளிடையே இதுவே மிக உயர்ந்த விகிதம். குறைந்த விகிதம் உள்ள நாடுகள் உத்தமர்கள் என்று இதற்குப் பொருளில்லை. 2021-ல் 23 சீன நீச்சல் வீரர்களிடம் தடை செய்யப்பட்ட ட்ரைமெட்டாசிடின் தென்பட்டதும், ஓட்டல் சமையலறை மாசு என்ற விளக்கம் ஏற்கப்பட்டதும் 2024-ல்தான் உலகுக்குத் தெரிந்தன. ஆனாலும் இந்தியாவின் எண்ணுக்குக் காரணம் வெளிப்படையாகத்தான் தெரிகிறது. மாநிலப் பதக்கம் ஒன்று ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலைக்கான சாவி. சீட்டு இல்லாமலே மருந்துக் கடைகளில் ஸ்டீராய்டு கிடைக்கிறது. ஜிம் வாசலில் விற்கும் புரதப் பொடி டப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று வாங்குபவருக்குத் தெரியாது.

இத்தாலியின் 2000 சட்டமும் ஜெர்மனியின் 2015 சட்டமும் ஊக்கமருந்து விற்பதைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருக்கின்றன. இந்தியாவின் 2022 சட்டம் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தந்தது. ஆனால் விற்பவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு அதில் இல்லை. அகமதாபாத் 2030-ல் காமன்வெல்த் போட்டியை நடத்தப் போகிறது. அதற்குள் மாட்டும் ஒவ்வொரு மாதிரியிலும், ஊசியைக் கொடுத்தது யார் என்ற விசாரணையும் கட்டாயமாக வேண்டும். விடுதிப் பிள்ளைகள் தாங்கள் குடிக்கும் பொடியைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க அரசு வழி செய்ய வேண்டும்.