நோன்பு திறந்த பின்

ரமளான் மாத உரைகளில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் தவறாது ஒலிக்கும். பொதுமக்களின் நோன்பு, சிறப்புக்குரியோரின் நோன்பு, அவர்களினும் மேலானோரின் நோன்பு என அவர்கள் வகுத்த மூன்று படித்தரங்களைக் கேட்டு நாம் வியக்கிறோம். முதற்படியிலேயே நிறைவு கொண்டு இல்லம் திரும்புகிறோம். எனினும், இமாமவர்களின் எழுத்தில் நம்மை நிறுத்தி வினவும் இடம் அதுவன்று.

ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியப் பதவியைத் துறந்து சென்ற பின் அவர்கள் இயற்றிய 'இஹ்யா உலூமித்தீன்' 40 நூல்களைக் கொண்டது. அவற்றுள் ஆறாவது, நோன்பின் அந்தரங்கங்களைப் பற்றியதாகும். அதில் பிறை, நிய்யத்து, நோன்பை முறிப்பவை, களா, கஃப்பாரா முதலிய சட்டங்கள் முதலில் இடம்பெறுகின்றன. அதன் பின்னரே அகம் பேசப்படுகிறது. சட்டத்தைக் கைவிட்டு உட்பொருளைத் தேடும் போக்கிற்கு இங்கு இடமில்லை. 'நோன்பு கூடுமா?' என்பது ஃபிக்ஹு அறிஞரின் வினா, 'அது ஏற்கப்படுமா?' என்பது மறுமையை நோக்கும் அறிஞரின் வினா. இரண்டையும் இமாமவர்கள் ஒரே நூலில் இணைத்தமை பெருஞ்சாதனையாகும்.

இரண்டாம் படிக்கு அவர்கள் ஆறு நிபந்தனைகளைக் கூறுகின்றார்கள். பார்வை, நாவு, செவி, ஏனைய உறுப்புகள் ஆகியவற்றின் காவல் முதல் நான்கு. நோன்பு திறந்த பின் உள்ளம் அச்சத்திற்கும் ஆதரவுக்கும் இடையே நிற்பது ஆறாவது. இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்த ஐந்தாவதே நாம் கடந்து செல்ல விரும்புவது: ஹலாலான உணவேயாயினும், நோன்பு திறக்கும்போது வயிறு புடைக்க உண்ணலாகாது. இச்சையைத் தளர்த்தவே பசி விதிக்கப்பட்டது. பகலில் விட்டதை மஃரிபில் ஈடுசெய்பவன் இச்சையை முன்னிலும் வலுப்படுத்துகிறான் என்பது அவர்களின் வாதம். ரமளானுக்கென வகைவகையான உணவுகளைச் சேர்த்து வைக்கும் வழக்கத்தை அவர்கள் அன்றே கண்டித்தார்கள். ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அக்கண்டனம் நம் விரிப்புகளுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆயினும், நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. இவ்விடத்தில் இமாமவர்கள் உண்பவனை நோக்கியே பேசுகின்றார்கள். நம் இல்லங்களில் அஸருக்கு முன்பே அடுப்படியில் நிற்கும் பெண்ணும் நோன்பாளியே. நோன்பு திறக்கும் உணவைப் பற்றிப் பகலெல்லாம் எண்ணுவதும் குறையே என்று உள்ளமுடையோர் கருதியதாக அந்நூல் உரைக்கிறது. அக்குறை யாரைச் சாரும்? எண்ணுமாறு கட்டாயப்படுத்தப்பட்டவளையா, பத்து வகை கேட்டவனையா? ஐந்தாம் நிபந்தனையை இவ்வினாவோடு சேர்த்துப் படிக்கும்போது அது தனிமனித ஒழுக்கத்தைக் கடந்து குடும்ப நீதியாகிறது.

நோன்பின் நோக்கம் தக்வா என்று அல்குர்ஆன் (2:183) அறிவிக்கிறது. மூன்றாம் படி நமக்கு எட்டாததாக இருக்கலாம். கேட்கும் பண்டங்களைக் குறைத்து, நம் இல்லத்துப் பெண்களுக்கு மஃரிபுக்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தை துஆவுக்காக மீட்டுத் தருவது எவருக்கும் எட்டாததன்று.