கஞ்சித்தொட்டி எழுத்து

யூதர்களின் இனப்படுகொலை என்றதும் நம் மனசில் எழும் படங்கள் ஏறத்தாழ ஒன்றேதான். கம்பிவேலி, புகைபோக்கி, மழித்த தலைகள், கையில் குத்திய எண். சினிமாவும் பாடப்புத்தகமும் கொடுத்த படங்கள். அவற்றுக்குள் வராத ஓரிடம் இருக்கிறது. வார்சா நகரத்தில் லெஷ்னோ தெரு, 40ஆம் எண். அங்கே ஒரு பொதுச் சமையல்கூடம் நடந்தது. பஞ்ச காலத்துச் சொல்லில் கஞ்சித்தொட்டி. அதை நடத்தியவர் ரஹேல் அவர்பாக் என்ற எழுத்தாளர். இத்திஷிலும் போலிஷிலும் எழுதியவர். சமையல்கூடத்தை நடத்திக்கொண்டே அதைப் பற்றி எழுதியும் வைத்தார். அந்த எழுத்து ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படாமல் கிடந்தது, கண்ணில் பட்ட எழுத்துகள் எந்த விலை கொடுத்துக் கண்ணில் பட்டன என்பதுதான் என் கேள்வி.

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. அவர்பாக் தன் சொந்தப் பகுதியான கலீசியாவுக்குப் போய்விட இருந்தார். வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம் அவரைக் கூப்பிட்டு, எல்லாரும் ஓடிவிட்டால் எப்படி, இங்கேயே இருந்து ஒரு சமையல்கூடத்தை எடுத்து நடத்துங்கள் என்றார். இருந்துவிட்டார். 1940 நவம்பரில் கெட்டோவின் வாசல்கள் அடைக்கப்பட்டன. 1941 மார்ச் வாக்கில் சுவருக்குள்ளே சுமார் 4,60,000 பேர். ஜெர்மானியர் யூதர்களுக்கு ஒதுக்கிய பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு. கள்ளத்தனமாகச் சுவர் தாண்டி வந்த சாப்பாடுதான் பலரை உயிரோடு வைத்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள். ட்ரெப்லிங்காவுக்கு ரயில் கிளம்பும் முன்பே, 1942 நடுப்பகுதிக்குள், பட்டினியாலும் காய்ச்சலாலும் 80,000க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். கொலை என்பது விஷவாயுவில் மட்டும் நடந்ததில்லை. அகப்பையின் அளவிலும் நடந்தது.

ரிங்கெல்ப்ளூம் கெட்டோவுக்குள் ஒரு ரகசிய ஆவணக் குழுவை வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓனெக் ஷாபாத்’, ஓய்வுநாள் மகிழ்ச்சி என்று பெயர். ஐம்பது அறுபது பேர் வேலை செய்தார்கள். பேராசிரியர் எழுதினால்தான் வரலாறு என்ற திமிர் அந்தக் குழுவில் இல்லை. ஆசிரியர், அகதி, பள்ளிப்பிள்ளை என்று எல்லாரிடமும் எழுதி வாங்கினார்கள். மிட்டாய் சுற்றிய தாளையும் டிராம் சீட்டையும்கூடச் சேர்த்து வைத்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. யூதக் காவலர்கள் தம் மக்களையே அடித்தது, லஞ்சம் வாங்கியது, பணக்கார யூதன் பட்டினிப் பிணத்தைத் தாண்டிப் போனது, அத்தனையும் எழுதப்பட வேண்டும் என்றார் ரிங்கெல்ப்ளூம். வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பான் என்ற கவலை அங்கே செல்லுபடியாகவில்லை. ஏனென்றால் அது முதலில் தமக்காக, தம் மொழியில் எழுதப்பட்டது.

அவர்பாக் 1941இல் தன் கஞ்சித்தொட்டி பற்றி எழுதத் தொடங்கியது இந்தக் குழுவுக்காகத்தான். சேவை செய்தவர்கள் எழுதும் நினைவுக்குறிப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இத்தனை பேருக்குச் சோறு போட்டோம், இத்தனை பேர் கும்பிட்டார்கள். அவர்பாக் நேர்மாறாக எழுதுகிறார். சூப்பை மட்டும் நம்பி வந்தவர்களில் யாரையும் தன்னால் காப்பாற்ற முடியவில்லை என்கிறார். அகதியாக வந்த ஒரு மனிதர், நல்ல உடல்வாகு, வாழும் ஆசை உள்ளவர். இவரையாவது பிழைக்க வைத்துவிடலாம் என்று கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கிறார். அவரும் சாகிறார். சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட்டதுதான் தன் சமையல்கூடம் செய்த வேலை என்று சமையல்கூடத்தை நடத்துகிறவரே எழுதுகிறார். ரிங்கெல்ப்ளூமின் 1942 மே மாதக் குறிப்பிலும் இதே கேள்வி வருகிறது. எல்லாருக்கும் ஒரு கரண்டி கொடுத்து எல்லாரையும் சாகவிடுவதா, சிலருக்கு மட்டும் நிறையக் கொடுத்துச் சிலரை மிச்சம் வைப்பதா? அறம் பற்றிப் பேசும் தத்துவ நூல்களில் இந்தக் கேள்வி வந்தால் அது உதாரணம். இங்கே அடுப்பு எரிகிறது, வெளியே வரிசை நிற்கிறது.

‘இதில் இலக்கியம் எங்கே?’ என்று நம் தன்வரலாறுகளைப் பார்த்துக் கேட்டவர்கள் உண்டு. அவர்களிடம் இந்தப் பக்கங்களைக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

இனி உலகம் அறிந்த ஒரு பிரதிக்கு வருவோம். எலீ வீசலின் ‘இரவு’. அதன் முதல் வடிவம் 1956இல் பூனோஸ் அயர்ஸில் இத்திஷில் வந்தது. தலைப்பு, ‘உலகம் வாய்மூடி இருந்தது’. 1958இல் பாரிஸில் வந்த பிரெஞ்சு வடிவத்தில் பக்கங்கள் மெலிந்துவிட்டன, தலைப்பு ஒற்றைச் சொல்லாகிவிட்டது, முன்னால் ஃபிரான்சுவா மோரியாக் என்ற கத்தோலிக்க எழுத்தாளரின் முன்னுரை ஏறிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்து 1996இல் நவோமி சைட்மன் எழுதிய கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. இத்திஷில், விடுதலையான இளைஞர்கள் வைமார் நகரத்துக்கு ஓடி ஜெர்மன் பெண்களைப் பலாத்காரம் செய்கிறார்கள். பிரெஞ்சில் அது பெண்களோடு படுக்கப் போனதாகிவிடுகிறது. பழியுணர்ச்சியின் சுவடே இல்லை என்கிறது பிரதி. முடிவும் அப்படித்தான். பிரெஞ்சு வடிவம் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பிணத்தோடு நின்றுவிடுகிறது. இத்திஷில் அந்தக் கண்ணாடி உடைக்கப்படுகிறது. பத்து வருஷத்தில் ஜெர்மனி மறுபடி தலைநிமிர்ந்துவிட்டதே, குற்றவாளிகள் சாவகாசமாகத் திரிகிறார்களே என்று கோபம் தொடர்கிறது.

வெட்டப்பட்டதெல்லாம் உன்னதம் என்று நான் சொல்ல வரவில்லை. பழிவாங்கலுக்குப் பெண்ணுடலைக் களமாக்கும் அந்த வரி அருவருப்பானது. ஆனால் அந்த அருவருப்பு யாருடைய கண்ணிலிருந்து மறைக்கப்பட்டது? சொந்த மக்கள் படிக்கும் மொழியில் இருந்தது, ஐரோப்பியக் கிறித்தவ வாசகன் படிக்கும் மொழியில் இல்லை. சுருக்குவதற்காகத்தான் வெட்டியது என்று வீசல் தரப்பில் விளக்கம் உண்டு. இருக்கட்டும். சுருக்கும்போது முதலில் போவது கோபம்தான் என்பதைக் கவனிக்கிறேன். பாதிக்கப்பட்டவன் அழுதால் உலகம் கேட்கிறது, பல்லைக் கடித்தால் எழுந்து போய்விடுகிறது. கொல்லப்பட்ட யூதர்களில் பெரும்பான்மையோர் பேசிய மொழி இத்திஷ். அந்த மொழியின் கோபம் பிரெஞ்சுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விட வேண்டியிருந்தது.

அவர்பாக்கிடம் திரும்புவோம். 1943 மார்ச்சில் அவர் கெட்டோவிலிருந்து தப்பி, சுவருக்கு வெளியே போலிப் பத்திரங்களோடு கிறித்தவப் பெண்ணாக வாழ்ந்தார். ராத்திரியில் எழுதினார். கையெழுத்துப் படிகளை வார்சா மிருகக்காட்சிசாலையின் இயக்குநர் யான் ஷபின்ஸ்கி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அந்தக் காலத்தில் எழுதியதுதான் ‘யிஸ்கோர், 1943’. யிஸ்கோர் என்பது இறந்தவர்களை நினைக்கும் ஜெபம், வருஷத்துக்கு நாலு தடவை ஜெபக்கூடத்தில் சொல்வது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதைப் படிக்கும்போது கையறுநிலை ஞாபகம் வராமல் போகாது. புறநானூற்றில் புலவர் புலம்புவது மன்னனுக்காக, வள்ளலுக்காக. கொடுத்த கை போய்விட்டதே என்ற துக்கம். அவர்பாக்கின் புலம்பலில் வள்ளல் யாரும் கிடையாது. குழந்தைகள், பையன்கள், பெண்கள், கைவினைஞர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், தெரு வியாபாரிகள், பிச்சைக்காரர்கள், கிழவர்கள் என்று தெருத்தெருவாக வருகிறார்கள். 1942 ஜூலை 22க்கும் செப்டம்பர் 21க்கும் இடையில் வார்சாவிலிருந்து ட்ரெப்லிங்காவுக்கு ஏற்றப்பட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இவர்கள்தான்.

அந்த எழுத்தின் கடைசியில் ஒரு டிராம் வருகிறது. ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறாள். குடித்திருக்கிறாளோ, புத்தி பேதலித்ததோ என்று தோன்றுகிறது. விசாரித்தால், தெருவில் பிடித்துப் போன அவள் மகனைச் சுட்டுவிட்டார்கள். போலந்துக்காரி, கிறித்தவள். அவளும் அதே ஆட்சியில் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான். ஆனாலும் அவளால் டிராமில் உட்கார்ந்து வாய்விட்டு அரற்ற முடிகிறது. அவர்பாக்கால் முடியாது. ஒரு விசும்பல் போதும், யூதச்சி என்று தெரிந்துவிடும். ஒப்பாரிக்கும் உரிமை வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு அமைதியாக எழுதிய வேறு பக்கத்தை நான் படித்ததில்லை. வாயால் அழ முடியாததால்தான் எழுத்தில் யிஸ்கோர் சொல்கிறார்.

எனக்கு இதில் ஒரு சண்டையும் உண்டு. ‘யிஸ்கோர்’ எழுதும்போது அவர்பாக் மக்களை ஒரேயடியாக அழகுபடுத்திவிடுகிறார். தெருவே ஒளிர்கிறது. பெண்களெல்லாம் தியாகிகள், பிள்ளைகளெல்லாம் பூக்கள். கஞ்சித்தொட்டிக் குறிப்பில் இருந்த முரடான மனிதர்கள், அவர்களின் சிடுசிடுப்பு, தன் மீதே அவருக்கிருந்த சந்தேகம் எல்லாம் இங்கே கரைந்துவிடுகின்றன. இழவு வீட்டில் யாரும் குறை பேசமாட்டார்கள்தான். இருந்தாலும் எனக்குக் கஞ்சித்தொட்டி அவர்பாக்தான் பெரிய எழுத்தாளர்.

ஆவணக் குழுவில் போருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் மூன்றே பேர். அவர்பாக், ஹெர்ஷ் வாசர், அவர் மனைவி ப்ளூமா வாசர். ரிங்கெல்ப்ளூம் 1944 மார்ச்சில் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டிருந்தார். 1946இல் கெட்டோ எழுச்சியின் நினைவுக் கூட்டத்தில் அவர்பாக் எழுந்து, இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும் ஆவணங்களைத் தோண்டி எடுங்கள் என்று வற்புறுத்தினார். அந்த செப்டம்பரில் தகரப் பெட்டிகள் கிடைத்தன. 1950 டிசம்பரில் பால் கேன்கள் இரண்டு. மூன்றாவது பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. கிடைத்ததை 1999இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

1945 நவம்பரில் அவர் விசாரணைக் குழுவோடு ட்ரெப்லிங்காவுக்குப் போனபோது, சுற்றுவட்டார ஆட்கள் மண்வெட்டியோடு எலும்புக் குழிகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தங்கப் பல் தேடி. அதையும் எழுதினார். 1950இல் இஸ்ரேல் போய், 1954 முதல் யாத் வஷேமில் சாட்சியம் சேகரிக்கும் துறையை நடத்தினார். அங்கேயும் சண்டைதான். கொலைகாரனின் கோப்புதான் ஆவணம், பிழைத்தவனின் பேச்சு உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று நினைத்த பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் அவரை ஓரங்கட்டப் பார்த்தார்கள். 1961இல் ஐக்மன் வழக்கு வந்தபோது அரசுத் தரப்புக்குச் சாட்சிகள் தேவைப்பட்டார்கள். பட்டியல் தயாரிக்க அவர்பாக்கிடம்தான் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கூண்டேறிப் பேசினார்கள். அவரும் ஏறினார்.

அவருடைய ‘வார்சா சாசனங்கள்’ 1974இல் இத்திஷில் வந்தது. 1976இல் இறந்துபோனார். சாமுவேல் காசோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2024இல்தான் வந்திருக்கிறது. ஐம்பது வருஷம். தமிழுக்கு இது ஆங்கிலம் வழியாகத்தான் வர முடியும். வேறு வழி தெரியவில்லை. செய்ய முன்வரும் தோழர்கள் கஞ்சித்தொட்டிப் பகுதியிலிருந்து தொடங்கலாம். முன்னுரைக்குப் பெரிய பெயர் எதையும் தேட வேண்டாம். கரடுமுரடான இடங்களைச் சீவவும் வேண்டாம்.