கேட்டவருக்கு மட்டும் திறக்கும் கோப்பு

பொல்கொல்லையிலிருந்து எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தில் வரும் மகாவலி நீரைக் கொண்டு 1976 முதல் இயங்குகிறது உக்குவளை மின்நிலையம். அது நேற்று எவ்வளவு மின்சாரம் தந்தது என்பதை எவரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதே ஊரில் குடியிருப்பவர், தன் வீட்டுக்கு முன்னால் போட்ட கொங்கிரீட் பாதைக்குப் பிரதேச சபை யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்று அறிய மனு எழுத வேண்டும்.

மனு எழுத முடிவதே சாதாரண விடயமல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தெரிய வேண்டும். உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புடையதென்றால் 48 மணித்தியாலங்களுக்குள். மறுத்தால் தகவலறியும் உரிமை ஆணைக்குழு வரை, அதற்கு மேல் நீதிமன்றம் வரையும் போகலாம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்களே இல்லாமல் நிருவாகம் நடந்தபோது, சபையிடம் கணக்குக் கேட்க ஊராருக்கு மிஞ்சிய வழிகளில் வலுவானது இதுதான்.

ஆனால் சட்டம் கேட்பவரை முகமற்ற பிரசையாகக் கற்பனை செய்கிறது. சிறிய ஊரில் அப்படி ஒருவர் இல்லை. இன்னாருடைய மகன், இன்ன கட்சிக்காரன், இன்ன தோட்டத்து ஆள் என்று மேசைக்கு அப்பால் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியை எடுத்துக்கொள்வோம். அரசுக்குரியது, ஆகவே சட்டம் அதையும் கட்டுப்படுத்தும். அரசு நடத்தும் தோட்டங்களில் ஊழியர் சேமலாப நிதி நிலுவை என்பது பாராளுமன்றம் வரை போன பிரச்சினை. ஒரு தொழிலாளி தன் நிதி செலுத்தப்பட்டதா என்று கேட்கலாம்தான். ஆனால் அவர் கேட்பது வேலை தரும் இடத்திடம்; தன் லயம் இருக்கும் நிலத்தின் நிருவாகத்திடம். மனுவில் பெயரும் முகவரியும் இருக்கும். காரணம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், “இது எதுக்கு உனக்கு?” என்பதைப் பார்வையாலேயே கேட்டுவிடலாம். இதற்குச் சட்டத்தில் மருந்தில்லை.

ஒருவரும் கேட்காமலே அரசு சொல்ல வேண்டியவையும் சட்டத்தில் இருக்கின்றன. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவைத் தாண்டும் திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் பிரிவு. இன்றைய சீமெந்து விலையில் சிறு பாதையே அந்தத் தொகையை எட்டிவிடும். கோளாறு வேறிடத்தில்: கடமை அமைச்சரின் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூராட்சியோ மாகாணத்துக்குரிய விடயம். உக்குவளை அடங்கும் மத்திய மாகாணத்தின் சபைக் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததிலிருந்து அங்கே அமைச்சர்களே இல்லை. யாரைப் போய்ப் பிடிப்பது?

இதே அரசு வறியவர்களின் விடயத்தில் மட்டும் மிகத் தாராளம். 2023இல் அஸ்வெசும நலன்புரி உதவித் திட்டத்தின் பெயர்ப்பட்டியல்கள் பொதுப்பார்வைக்கு வந்தன. அயலவர் ஆட்சேபிக்கவும் வழி இருந்தது. மோசடியைத் தடுக்க அது உதவும் என்பதை மறுக்கவில்லை. எனினும் தகுதியை அளந்த 22 குறிகாட்டிகளில் எது தம்மைத் தள்ளிவிட்டது என்று புரியாமல் நாடெங்கும் குடும்பங்கள் மேன்முறையீடு செய்தன. யாருக்கு உதவி என்பது பகிரங்கம். எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது மூட்டம். ஒப்பந்தக்காரரின் பட்டியலை இப்படிச் சுவரில் ஒட்டி “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்கும் சபை இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவர ஆசை.

என் கணிப்பில் இந்தச் சட்டத்தின் பெரிய குறை தாமதமல்ல, தனிமை. ஒருவர் துணிந்து கேட்டுப் பெற்ற பதில் அவருடைய உறைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அடுத்த தெருவிலுள்ளவர் அதே பாதையைப் பற்றி மறுபடி மனு எழுதி, மறுபடி தன் முகத்தைக் காட்ட வேண்டும். கொடுத்த பதில்களை, கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு, தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் இடச் சபைக்குப் புதிய சட்டமோ மென்பொருளோ தேவையில்லை. போட்டோப்பிரதி ஏற்கெனவே எடுத்தாயிற்று. இன்னொன்று எடுத்தால் போதும்.