கடைசிச் சிகரட்டும் மனவுறுதி பற்றிய மயக்கமும்

புகைத்தலைக் கைவிட முயன்று முயன்று தோற்றவனைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இருவகையின. ஒன்று அவனைத் திருத்த எழும் நீதிபோதனை. மற்றையது அவனைக் கண்டு சிரிக்க எழும் நகைச்சுவைத் துணுக்கு. நோக்கத்தில் வேறுபடினும் இவ்விரண்டும் ஒரே அத்திவாரத்தின்மீது நிற்பன. தோற்றவன் மனவுறுதியற்றவன், மனவுறுதியோ ஒருவனிடம் உள்ளது அல்லது இல்லாதது, ஆகவே குற்றம் முழுவதும் அவனுடையதே என்பதுதான் அந்த அத்திவாரம். பள்ளிக்கூட மேடைகளிலே மதுவிலக்குச் சங்கத்தார் காலந்தோறும் பேசிவந்ததும் இதுவே. இக்கருத்தை உள்ளிருந்தே குடைந்து, அதன் வெறுமையைக் காட்டிய நாவலொன்று உண்டு. இத்தாலோ ஸ்வேவோ 1923 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சேனோவின் மனச்சாட்சி’ என்பதே அது. அதன் தொடக்கப் பகுதியில் வரும் புகைத்தல் பற்றிய அத்தியாயத்தை இங்கு ஆராய்வோம்.

ஆசிரியரின் இயற்பெயர் எத்தோரே ஷ்மிற்ஸ். 1861 இல் திரியெஸ்தே நகரில் யூத வணிகக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அந்நகர் அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசின் துறைமுகம். மக்களிற் பெரும்பாலோர் பேசியதோ இத்தாலியம். ஷ்மிற்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வங்கியொன்றிற் குமாஸ்தாவாக இருந்தார். பின்னர் மாமனாரின் கப்பற் பூச்சுத் தொழிலிற் பங்குபற்றினார். அவருடைய முதலிரு நாவல்களும் (1892, 1898) கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1907 அளவில் அவருக்கு ஆங்கிலம் கற்பிக்க வந்த ஜேம்ஸ் ஜோய்ஸ் என்ற ஐரிஷ் இளைஞரே அவற்றின் தரத்தை உணர்ந்து ஊக்கமளித்தவர். மூன்றாவது நாவலையும் ஆசிரியர் தம் செலவிலேயே அச்சிட நேர்ந்தது. ஜோய்ஸின் முயற்சியால் பாரிசில் அது பேசப்பட்ட பின்னரே இத்தாலி கண்விழித்தது எனலாம். அதற்கு முன்னரே 1925 இல் அவரை இனங்கண்டு எழுதிய இத்தாலியர் எவ்ஜேனியோ மொந்தாலே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கதைநாயகன் சேனோ கோசினி. முதுமையில் மனோபகுப்பாய்வு வைத்தியர் ஒருவரின் வற்புறுத்தலால் தன் வாழ்க்கையை எழுதத் தொடங்குகிறான். தொடங்கும் இடமே புகைத்தல். சிறுவனாயிருந்தபோது தந்தையின் மேலங்கிப் பையிலிருந்து காசு திருடிச் சிகரட் வாங்கினான். பிடிபட்டபின், தந்தை பாதி புகைத்து வீட்டில் அங்குமிங்கும் விட்டுச்செல்லும் சுருட்டுகளைத் திருடினான். இருபது வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வருகின்றன. புகைத்தலை முற்றாக நிறுத்தவேண்டும் என்கிறார் வைத்தியர். அந்த ‘முற்றாக’ என்ற சொல் அவனைக் கலக்குகிறது. காய்ச்சல் உடம்போடு ஒரு கடைசிச் சிகரட்டைப் புகைக்கிறான். அன்று தொடங்கியது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

அவன் தன் சபதங்களைத் தேதியிட்டுக் குறித்துவைக்கிறான். சட்டப் படிப்பிலிருந்து இரசாயனப் படிப்புக்கு மாறும் நாள், 1886 பெப்ரவரி 2, ஒரு கடைசிச் சிகரட். பின்னர் இரசாயனத்தைக் கைவிட்டுச் சட்டத்துக்குத் திரும்பும்போது இன்னொன்று. நாளடைவில் தேதியின் அழகே காரணமாகிவிடுகிறது. 1899 ஆம் ஆண்டு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள். 1901 ஆம் ஆண்டு முதல் மாதம் முதல் நாள். இலக்கங்கள் ஒத்திசைந்தால் உறுதியும் நிலைக்கும் என்ற நம்பிக்கை. நம்மவர் நல்ல நாள் பார்ப்பதும் இவ்வகைப்பட்டதே. வாடகை அறையின் சுவர் முழுவதும் தேதிகள் நிறைந்து, அறையை விட்டு நீங்கும்போது தன் செலவில் சுவருக்குப் புதிய தாள் ஒட்டிக் கொடுக்கவேண்டிய நிலை.

இதனைப் படித்துச் சிரியாதார் இல்லை. ஆயினும் சிரிப்போடு நின்றுவிடுபவர் ஆசிரியரின் கூர்மையைத் தவறவிடுகிறார். கடைசிச் சிகரட் மற்றெல்லாச் சிகரட்டுகளினும் சுவை மிக்கது என்று சேனோ கண்டுகொள்கிறான். ஏனெனில் அதிலே புகையின் சுவையோடு தன்னை வென்றுவிட்ட பெருமிதமும், வரவிருக்கும் ஆரோக்கிய வாழ்வு பற்றிய கனவும் கலந்திருக்கின்றன. சபதம் பழக்கத்துக்குப் பகையன்று. பழக்கத்தின் ஓர் உறுப்பாகவே அது மாறிவிட்டது. இன்னும் ஆழமான ஓர் ஐயமும் அவனுக்கு எழுகிறது: தன் இயலாமைக்கெல்லாம் சிகரட்டைக் காரணமாகக் காட்டுவதற்காகவே தான் அதனைப் பற்றிக்கொண்டிருக்கிறானோ? நிறுத்திவிட்டால், தான் நினைத்த பேராற்றல் மிக்க மனிதன் வெளிப்படவேண்டுமல்லவா? வெளிப்படாது போனால் என் செய்வது? புகைப்பவன் தனக்குத் தானே சொல்லும் பொய்களை இத்துணை நேர்மையாகப் பதிவுசெய்த பக்கங்கள் உலக இலக்கியத்தில் மிகச் சிலவே.

ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்டேயாகவேண்டும். இச்சபத விளையாட்டை நாற்பது ஆண்டுகள் நடத்துவதற்குரிய ஓய்வு சேனோவுக்கு எங்கிருந்து வந்தது? தந்தை விட்டுச்சென்ற வர்த்தகத்திலிருந்து வந்தது. மகனை நம்பாத தந்தை நிர்வாகத்தை ஒலிவி என்பவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாகிறார். வருமானம் வருகிறது, செய்வதற்கு வேலை இல்லை. உழைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட ஒருவனுக்குத் தன் மனவுறுதியைச் சோதித்துப் பார்க்க எஞ்சியிருக்கும் ஒரே களம் தன் உடம்புதான். அவன் சீர்திருத்தம் செய்யக்கூடிய ஒரே உலகமும் அதுவே. இந்நோக்கிற் பார்க்கும்போது, கடைசிச் சிகரட் ஒரு தனிமனிதனின் விசித்திரக் குணமாக அன்றி, வட்டியிலும் வாடகையிலும் வாழ்ந்த வர்க்கமொன்றின் வரலாற்று நிலையாகத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நம்மவருள் சிலர் அவசரப்பட்டு, இது நசிவிலக்கியம் என்று ஒதுக்கிவிடக்கூடும். அது பொருந்தாது. நசிவை எழுதுவது வேறு, நசிவைப் போற்றுவது வேறு. சேனோவை நம்பும்படி ஸ்வேவோ ஓரிடத்திலும் கேட்கவில்லை. நூலின் முன்னுரையிலேயே வைத்தியர், பழிவாங்கும் நோக்கத்தோடு இக்குறிப்புகளை வெளியிடுவதாகக் கூறி, அவற்றிலுள்ள உண்மை பொய் இரண்டையும் சுட்டிவிடுகிறார். மறுபுறம், நாவல் முழுவதையும் பிராய்டின் கொள்கைக்கு விளக்கவுரையாகக் கொள்வோரும் உளர். சேனோ தந்தையின் சுருட்டைத் திருடியதால் புகைத்தல் தந்தையோடு கொண்ட போட்டியே என்று அவர்கள் முடித்துவிடுவர். சேனோவே அந்த விளக்கத்தை எள்ளி நகையாடுகிறான் என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

இருசாராரும் கவனியாத ஒன்று உண்டு. சேனோவின் மனத்தைப் பற்றி இவ்வளவு பேசும் அவர்கள், சிகரட்டைப் பற்றி ஏதும் பேசுவதில்லை.

நிகொற்றீன் மூளையைச் சென்றடையச் சில விநாடிகளே போதும். அங்குள்ள ஏற்பிகளிற் படிந்து டொபமீன் சுரப்பைத் தூண்டுகிறது. தொடர்ந்து புகைப்பவரின் மூளையில் அவ்வேற்பிகளின் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது. நிறுத்தியதும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், பசி ஆகியன தோன்றி முதல் வாரத்தில் உச்சமடைந்து சில வாரங்கள் நீடிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியின் 1988 ஆம் ஆண்டறிக்கை நிகொற்றீன் அடிமைப்படுத்தும் பொருள் எனத் திட்டவட்டமாக அறிவித்தது. எவ்வித உதவியுமின்றி நிறுத்த முயல்வோருள் ஓராண்டு கடந்தும் புகையாதிருப்போர் நூற்றுக்கு மூவரோ ஐவரோதான். அவ்வாறாயின் எஞ்சிய தொண்ணூற்றைந்து பேரும் மனவுறுதியற்றவரா? நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாணவர் தோற்கும் பரீட்சையில், மாணவரைத் திட்டும் ஆசிரியரை விடுத்து வினாத்தாளை ஆராய்பவரே ஆசிரியர் எனத்தக்கவர்.

இவற்றையெல்லாம் 1923 இல் ஸ்வேவோ அறிந்திருக்க முடியாது. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பை ரிச்சர்ட் டொல், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும் பிரித்தானியாவில் நிறுவத் தொடங்கியதே 1950 இல்தான். ஆயினும் கலைஞனின் அனுபவம் அறிவியலை முந்திவிட்ட இடங்கள் இவ்வத்தியாயத்தில் உள. ஸ்வேவோ தாமே தீராத புகைப்பாளர். திருமணத்துக்கு முன் வருங்கால மனைவிக்காக எழுதிய நாட்குறிப்பிலும் கடைசிச் சிகரட் சபதங்கள் இடம்பெற்றன. 1928 இல் மோட்டார் விபத்தொன்றிற் சிக்கி இறக்கும் தறுவாயில் ஒரு சிகரட் கேட்டார் என்றும், மறுக்கப்பட்டதும் இது உண்மையிலேயே கடைசியாக இருந்திருக்கும் என்ற கருத்துப்படக் கூறினார் என்றும் குடும்பத்தார் வழிச் செய்தி உண்டு. நாவலுக்கு இத்துணைப் பொருத்தமாக அமைந்த கதையை அப்படியே நம்புவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

சேனோவின் சபதத்தோடு வேறொரு சபதத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1994 ஏப்ரலில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றின் முன் ஏழு பெரும் புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்து, நிகொற்றீன் அடிமைப்படுத்தும் பொருளென்று தாம் நம்பவில்லை எனச் சாட்சியமளித்தனர். அதே ஆண்டு வெளிவந்த இரகசிய ஆவணங்களுள் ஒன்று, அவற்றுள் ஒரு கம்பெனியின் சட்ட ஆலோசகர் 1963 இலேயே எழுதியது. தாம் விற்பது அடிமைப்படுத்தும் நிகொற்றீன் என்னும் பொருளையே என்று அது ஒளிவின்றிக் கூறிற்று. சேனோ தன் சத்தியத்தை மீறி வெட்கமுற்றான்; சுவரிலே தேதி குறித்துத் தன்னையே குற்றவாளியாக்கினான். இவர்கள் சத்தியத்தின்மீது நின்று இலாபம் பெற்றனர். மனவுறுதி பற்றிய போதனை இவ்விருவருள் யாருக்குப் பயன்படுகிறது? புகைப்பவன் தன் விருப்பத்தாலேயே புகைக்கிறான் என்பதே நீதிமன்றங்களில் அக்கம்பெனிகள் நெடுங்காலம் கையாண்ட வாதம். மேடைப் போதகர் இலவசமாகக் கூறியதை அவர்கள் வழக்கறிஞரைக்கொண்டு கூறுவித்தனர், அவ்வளவே.

நாவலுக்குத் திரும்புவோம். விற்பவனைப் பற்றி ஸ்வேவோ கேள்வி எழுப்பவில்லை; ஆனால் அவனுடைய முத்திரையைக் காட்டியிருக்கிறார். சேனோ நினைவுகூரும் முதற் சிகரட்டுகள் இரட்டைத்தலைக் கழுகு பொறித்த அட்டைப் பெட்டியில் வந்தவை. அது பேரரசின் இலச்சினை. ஆஸ்திரியாவிற் புகையிலை 1784 முதல் அரசின் தனியுரிமை. சிறுவன் தந்தையிடம் திருடிய காசு அரசின் கருவூலத்துக்கே சென்றது! ஆசிரியர் இதனை விரித்துரைக்காமல் ஒரு வரியிற் கடந்துவிடுகிறார். அது நாவலின் எல்லை. அவ்வெல்லைக்குள் நின்றே உண்மையைத் தொட்டுச் செல்வது அதன் யதார்த்தம். வருவாயை நம்பியிருக்கும் அரசு, புகைத்தலைத் தடுக்கும் பொறுப்பையும் ஏற்கும்போது எழும் முரண்பாடு இலங்கை வாசகருக்குப் புதியதன்று. சர்வதேசப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை 2003 இலேயே ஏற்று, 2006 இல் அதற்கெனச் சட்டமும் அதிகாரசபையும் அமைத்த நாடு இது. சிகரட் வரி இல்லாது வரவுசெலவுத் திட்டம் தீட்டமுடியாத நாடும் இதுவே. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிற் புகையிலைக் கண்டுக்குத் தண்ணீர் இறைத்த உழவனின் பங்கு இதில் தனியே ஆராயவேண்டியது.

அத்தியாயத்தின் உச்சம் வைத்தியசாலைக் காட்சி. சேனோ தானே பணம் கொடுத்துத் தன்னைப் பூட்டிவைக்கச் சொல்கிறான். காவலுக்கு அமர்த்தப்படுபவள் ஜொவான்னா என்னும் வயது சென்ற பணிப்பெண். முதல் இரவே மனைவிமீதும் வைத்தியர்மீதும் பொறாமைச் சந்தேகம் தலைக்கேற, கொன்யாக் மதுவைக் கொடுத்து அவளை மயக்கி, சிகரட்டும் பெற்று, வெளியேறி வீடு சேர்கிறான். விமர்சகர் பலர் இதனைச் சேனோவின் கபடத்துக்குச் சான்றாகவே காண்பர். ஜொவான்னாவின் நிலையை எண்ணிப் பார்த்தவர் அரிது. செல்வன் ஒருவனின் மனவுறுதிக்குக் கூலிக்குக் காவல் இருப்பது அவள் தொழில். அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு, குடி. அதனை நிறுத்த அவளை யாரும் அறையிற் பூட்டிவைக்கவில்லை. அவள் தேதி குறிக்கவில்லை. அவளைப் பற்றி நாவலும் எழுதப்படவில்லை. சேனோவின் தோல்விக்கு நகைச்சுவை உண்டு. அவளுடைய தோல்விக்குக் கிடைப்பது வேலை நீக்கமாகவே இருந்திருக்கும்.

நம் தேநீர்க்கடைகளிற் சிகரட்டை ஒற்றை ஒற்றையாக வாங்கிப் பழகிய கூலித் தொழிலாளியை இங்கு நினைக்கலாம். அவன் பெட்டி வாங்குவதில்லை. ஆகவே ஒவ்வொன்றும் அவனுக்குக் கடைசிதான். வேலையிடையே ஐந்து நிமிடம் நிமிர்ந்து நிற்பதற்கு முதலாளி ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் சில இடங்களிற் புகைத்தலாகவே இருக்கிறது. அவனை நிறுத்தச் சொல்பவர் அந்த ஐந்து நிமிடத்துக்கு வேறு வழி சொல்லவேண்டும். நிறுத்துவதால் வரும் நன்மை சிறிதன்று. டொல் குழுவினரின் ஐம்பதாண்டு ஆய்வின்படி (2004) முப்பது வயதில் நிறுத்துபவர் ஏறத்தாழப் பத்து ஆண்டும், ஐம்பதில் நிறுத்துபவர் ஆறு ஆண்டும், அறுபதில் நிறுத்துபவர் மூன்று ஆண்டும் கூடுதலாக வாழ்கின்றனர். ஏழாம் முறை தோற்றவனுக்கு எட்டாம் முறை என்பது வெறும் பேச்சன்று, ஆயுள்.

நாவலின் இறுதிப் பகுதியில் 1915 ஆம் ஆண்டுப் போர் திரியெஸ்தேயின் வாசலுக்கு வருகிறது. நிர்வாகி ஒலிவி இல்லாத நிலையில் சேனோ முதன்முறையாகத் தானே வர்த்தகத்தில் இறங்குகிறான். யார் எதை விற்றாலும் வாங்கிப் பதுக்கி, விலையேறியதும் விற்கிறான். 1916 மார்ச்சு மாதத்துக் குறிப்பில் தான் பூரண சுகம் பெற்றுவிட்டதாக அறிவிக்கிறான். வைத்தியரும் சபதமும் குணப்படுத்தாத நோயைப் போர்க்கால இலாபம் குணப்படுத்திவிட்டது! இதற்கு மேலான அங்கதத்தை யான் வேறெங்கும் கண்டதில்லை. அவ்வாண்டிலேதான் ஐரோப்பாவின் பதுங்குகுழிகளில் இலட்சக்கணக்கான இளைஞருக்கு உணவோடு சிகரட்டும் பங்கிடப்பட்டுவந்தது. போருக்கு முன் புகைத்தறியாத பலர் அங்கேதான் பழகினர். அவர்கள் நாவலில் வருவதில்லை.

நூலை ஆங்கிலத்திற் படிக்க விரும்புவோருக்கு இரு மொழிபெயர்ப்புகள் உள. பெரில் டி சூற் 1930 இல் வெளியிட்டது தலைப்பிலே ‘வாக்குமூலங்கள்’ என்ற சொல்லைக் கொண்டது. வில்லியம் வீவர் 2001 இல் வெளியிட்டது ‘மனச்சாட்சி’ என்று கொண்டது. மூலத்திலுள்ள இத்தாலியச் சொல் மனச்சாட்சி, பிரக்ஞை என்ற இரு பொருளையும் ஒருங்கே தருவது. முதல் மொழிபெயர்ப்பின் தலைப்புப் பாவமன்னிப்புக் கூண்டை நினைவூட்டுகிறது. வீவரின் நடை மூலத்தின் வறண்ட வணிகத் தொனியைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது. மாணவர் இரண்டாவதை எடுத்துக்கொள்வது நன்று.