மேனிலைப் பாடநூல்களில் கட்டற்ற மென்பொருள்: ஒரு திறனாய்வு

தமிழக அரசு 2018இல் வெளியிட்ட பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல், ஓப்பன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் ஆகியவற்றைப் பயிற்றுவித்தது. உரிமக் கட்டணமின்றிப் படியெடுத்து வழங்கத்தக்க இம்மென்பொருள்களைத் தெரிந்தமை, உத்திரமேரூர் போன்ற ஊரகப் பகுதிப் பள்ளிகளுக்குப் பெரிதும் ஏற்றது. (தொடர்ந்து வளர்ந்துவரும் லிப்ரே ஆபிஸைத் தெரிந்திருப்பின் இன்னும் நன்று.)

ஆயின், மறு ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூல் பதிப்புப் பணிக்கு அடோபி பேஜ்மேக்கரைக் கற்பித்தது. 2001இல் வெளிவந்த 7.0 பதிப்போடு நின்றுபோன வணிக மென்பொருள் அது. பழமையினும் பெருங்குறை, அது ஒருங்குறியை ஏற்பதில்லை என்பதே. ஒருங்குறியை 2010இலேயே அரசாணைவழித் தரமாக ஏற்ற அரசின் பாடநூல் இது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் (919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூர் மாணவி ஒருத்தி அவற்றைப் பற்றிப் பேஜ்மேக்கரில் ஒரு சிறுநூல் அமைப்பதாகக் கொள்ளலாம். அச்சில் எழுத்துகள் செம்மையாகவே தோன்றும். கோப்பில் இருப்பவையோ ஒரு குறிப்பிட்ட எழுத்துருவைச் சார்ந்த குறிகள். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற இலத்தீன் எழுத்துகளாகிவிடும். ‘குடவோலை’ என்று தேடினால் அகப்படாது. தமிழ் விக்கிப்பீடியாவில் இடுவதற்குக் குறியாக்கத்தை மாற்றவேண்டும், அன்றி மீண்டும் தட்டெழுதவேண்டும். முன்னாண்டு கற்ற ரைட்டரில் அதே பணி இவ்விடரின்றி முடியும்.

அச்சகப் பணிக்குப் பேஜ்மேக்கர் உதவும் என்பர். அது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. கட்டற்ற மாற்றான ஸ்கிரைபஸின் நிலைத்த பதிப்பில் தமிழ் எழுத்துகள் செவ்வனே அமைந்தது 2024இல்தான். எனினும், பக்க வடிவமைப்பை ரைட்டரிலேயே தொடர்ந்து பயிற்றத் தடை இருக்கவில்லை.